கையைக் காட்டுங்கோ

காலை வழிபாடு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்கு வந்ததும் முதல் வேலை அதுதான். நாலாம் வகுப்பு, முப்பத்தொரு பிள்ளைகள். நான் வாசலில் நிற்பேன். ஒவ்வொருவராக வந்து இரண்டு கையையும் நீட்ட வேண்டும். "திருப்பு" என்றால் திருப்ப வேண்டும். பிறகு பல், பிறகு தலை. கடைசியாக லேஞ்சி, கைக்குட்டை: தோய்த்ததா, சட்டையில் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பேன். இதற்கென்று ஒரு கொப்பி வைத்திருந்தேன். நாலும் சரியென்றால் ஒரு சரி போடுவேன். ஒன்று பிழைத்தாலும் பிழைதான். வெள்ளிக்கிழமையில் ஐந்து நாளும் சரி எடுத்தவர்களின் பெயரைக் கரும்பலகை மூலையில் எழுதுவேன்.

கண்டிப்பான ரீச்சர், நல்ல ரீச்சர் என்று ஊரில் சொன்னார்கள். விருப்பத்தோடு செய்தேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். வெறுப்போடும் செய்யவில்லை. காலையில் எழும்பி அடுப்பு மூட்டுவதைப் போல அதையும் செய்தேன்.

சுகாதாரப் பாடம் என்னிடம் வந்த விதத்தைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபோது, இணுவிலில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் கணவரும் மகளும் ஒரு கோயிலுக்குள் போய் இருந்தோம். அக்கம்பக்கத்துச் சனமெல்லாம் அங்கேதான். வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்தது. மகளுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். அத்தனை ஆட்களுக்கும் ஒரு கிணறு. விடாத மழை. நாலாம் நாள் மகளுக்கு வயிற்றாலை போகத் தொடங்கியது. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். கொதிக்க வைக்க விறகு இருக்கவில்லை. இருந்த விறகும் நனைந்து போயிருந்தது. ஆறாம் நாள் விடிந்த பிறகு அவள் தண்ணீர் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த வாழைத்தோட்டத்தில் என் கணவரும் வேறு இரண்டு பேரும் மண்வெட்டியோடு போய்வந்தார்கள். நான் போகவில்லை. பெண்கள் என்னைச் சுற்றி இருந்து அழுதார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடக்கத் தொடங்கியபோது அதிபர் பாடங்களுக்கு நேரசூசி போட்டார். அவர் வயதான மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "சுகாதாரம் எடுக்க ஒருத்தரும் இல்லை, ரீச்சர். நீங்கள் எடுக்கிறியளோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர்."

அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியை இறக்கினார். "இல்லை, கஷ்டமெண்டால் விடுங்கோ. நான் வேறை ஆரையும் பாக்கிறன்."

"கஷ்டம் ஒண்டுமில்லை சேர். எடுக்கிறன்."

முதல் நாள் கரும்பலகையில் எழுதினேன்: சாப்பிடுவதற்கு முன் கைகளை நன்றாகக் கழுவுக. கொதித்தாறிய நீரையே பருகுக. எழுத்து நேராகவே வந்தது. பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். அப்படியே இரண்டரை வருடம் போனது.

வீட்டிலும் அப்படித்தான். என் கணவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. மகளைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. அரிசி வந்ததா, மண்ணெண்ணெய் எத்தனை போத்தல், முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு பிடித்துவிட்டது, இவ்வளவுதான் எங்கள் பேச்சு. பின்வளவில் அவர் ஷெல்லுக்குப் பதுங்க ஒரு பங்கர் வெட்டினார். இருவருக்குத் தேவையானதை விடப் பெரிதாக வெட்டினார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

தொண்ணூறில் மறுபடியும் சண்டை தொடங்க, மயிலிட்டிப் பக்கத்துச் சனம் கரையை விட்டு எழும்பி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வாசிகசாலை. அதிலும் அதற்குப் பின்னால் இருந்த புகையிலைக் கொட்டிலிலுமாக நாற்பது குடும்பம். பிள்ளைகளை எங்களிடம் சேர்த்தார்கள். என் வகுப்பு நாற்பத்தாறாகியது. வாங்கில் மூன்று பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் நெருங்கி இருந்தார்கள்.

அவர்களில் ஒரு பெண்பிள்ளை. ஒன்பது வயது, மெலிந்த உடம்பு, நல்ல கூர்மையான பார்வை. வாசலில் என் முன்னால் வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

"கையைக் காட்டு."

காட்டினாள். நகத்துக்குள் எல்லாம் கறை. விரல் இடுக்குகளிலும் சிவப்பாகப் படிந்திருந்தது.

"நாளைக்குக் கழுவிக்கொண்டு வரவேணும்."

தலையாட்டினாள். அடுத்த நாளும் அதே கறை. அதற்கடுத்த நாளும். வெள்ளிக்கிழமை அவளுடைய வரிசையில் ஐந்து பிழை இருந்தது. அடுத்த கிழமையும் ஐந்து. ஊர்ப்பிள்ளைகள் சிலர் அவளுக்குப் பக்கத்தில் இருக்க மாட்டோம் என்றார்கள். நான் அவர்களை அதட்டி இருத்தினேன். ஆனால் பிழை போடுவதை நிறுத்தவில்லை. பிழை என்றால் பிழைதானே என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்றாம் கிழமை, இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். சேலையைத் தூக்கிச் சொருகியிருந்தாள். வெங்காய மணம் அவளுக்கு முன்னால் வகுப்புக்குள் வந்தது.

"சுகாதார ரீச்சர் ஆர்?"

"நான்தான்."

"என்ரை பிள்ளைக்கு நெடுகப் பிழை போடுறியளாமே?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள். நான் வெளியே வந்தேன்.

"நகத்துக்குள்ளை ஊத்தை. எத்தினையோ தரம் சொல்லிப் போட்டன்."

"அது ஊத்தை இல்லை ரீச்சர். உங்கடை ஊர் மண்." தன்னுடைய கையையும் நீட்டிக் காட்டினாள். அதே சிவப்பு. "பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னோடை வெங்காயம் கிண்ட வாறவள். எங்கடை ஊர் மணல் தட்டிவிட்டாப் போயிடும். உங்கடை செம்மண் அப்பிடியே பிடிச்சுக்கொண்டு கிடக்குது."

"கழுவலாம்தானே?"

"எதாலை?" என்று கேட்டாள். சத்தம் போடவில்லை. "ஒருக்கா வந்து பாருங்கோ. வந்து பாத்திட்டுப் பிழை போடுங்கோ."

அவள் போய்விட்டாள். நான் உள்ளே வந்து பாடத்தைத் தொடர்ந்தேன். எனக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் கால் வீட்டுப் பக்கம் போகாமல் வாசிகசாலைப் பக்கம் போனது.

வளவுக்குள் ஒரு கிணறு. நீண்ட வரிசை. விடியப்புறம் குடும்பத்துக்கு ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி என்று ஒழுங்கு வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அள்ளினால் சேறு வரும். அந்தப் பெண் என்னைக் கண்டதும் எழும்பி, ஒரு சாக்கை உதறி விரித்தாள். புகையிலைக் கொட்டிலுக்குள் சேலைகளைக் கட்டிப் பிரித்திருந்தார்கள். அவர்களுடைய பங்கு நாலு பாய் விரிக்கிற அளவு. அவளுடைய கணவர் மூலையில் குந்தியிருந்து ஒரு பழைய வலைக்கயிற்றை அவிழ்த்து, முடிந்து, மறுபடி அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒன்றரை வயதுப் பொடியன் ஒருவன் அவருடைய முதுகைப் பிடித்து நின்றான்.

"இதுதான் வாளி," என்றாள். "குடிக்கவும் இதுதான், சமைக்கவும் இதுதான், இவன்ரை துணி அலசவும் இதுதான். சவர்க்காரம் கண்டு மூண்டு மாசம். உடுப்புக்குப் பனங்களி போட்டுத் தோய்க்கிறம். கைக்கு என்னத்தைப் போட?"

தேத்தண்ணி வைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த வாளியைப் பார்த்த பிறகு எப்படிக் குடிப்பது?

அடுத்த நாள் அதிபரிடம் போய், பள்ளிக்கூடக் கிணற்றடியைக் காலையில் அரை மணித்தியாலம் எனக்கு விடச் சொல்லிக் கேட்டேன். "பிள்ளையள் வந்து கழுவிப்போட்டு வகுப்புக்குப் போகட்டும் சேர். பிறகு நான் பாக்கிறன்."

"எல்லாப் பிள்ளையளுமோ?"

"எல்லாப் பிள்ளையளும். அகதிப் பிள்ளையள் மட்டும் கழுவினால் மற்றதுகள் பகிடி பண்ணும்."

கணவரிடம் சவர்க்காரம் கேட்டேன். சங்கக்கடைக்கு எப்போதாவது ஒரு பெட்டி வந்தால் பங்கீட்டுக் கார்டுக்கு ஒன்று என்று கொடுத்து முடிந்துவிடும். அவர் எங்கள் பங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நூலால் எட்டுத் துண்டாக அறுத்தேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நாங்கள் சீயாக்காய் வைச்சுச் சமாளிப்பம்," என்றார். அந்த மாதம் அவர் என்னிடம் சொன்ன மிக நீண்ட வசனம் அதுவாக இருக்கலாம்.

முதல் நாள் குழப்பமாகப் போனது. நாற்பத்தாறு பிள்ளைகள், ஒரு வாளி, ஒரு தகரப் பேணி. தண்ணீர் நிலத்தில் சிந்திச் சேறாகி, கழுவிய கால்கள் எல்லாம் சேறு. மூன்றாம் நாள் அந்தப் பெண்பிள்ளையின் தகப்பன் கிணற்றடிக்கு வந்தார். தோளில் ஒரு சாக்கு. அதற்குள் எட்டு வெறும் பால்மாத் தகர ரின்கள்.

"பிள்ளை சொன்னவள்," என்றார்.

ஒவ்வொரு ரின்னிலும் அடிப்பக்கம் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, பூவரசங்குச்சியைச் செதுக்கி அதற்கு ஒரு அடைப்பு வைத்திருந்தார். குச்சியை இழுத்தால் நூல் மாதிரித் தண்ணீர் வரும். செருகினால் நிற்கும். ஒரு ரின் தண்ணீரில் ஆறு பிள்ளைகள் கை கழுவலாம். கிணற்றடிப் பூவரசின் தாழ்ந்த கிளையில் எட்டையும் வலைக்கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்றபடி ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவர் போட்ட முடிச்சுகள் காற்றிலும் பிள்ளைகளின் இழுப்பிலும் ஒரு நாளும் நழுவவில்லை. தண்ணீர் ஓடுவதற்குச் சின்ன வாய்க்கால் ஒன்றும் வெட்டி, அதன் நுனியில் இரண்டு வாழைக்குட்டி நட்டார். வேலை முடிந்த பிறகும் போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். அவருக்குப் போக வேறு இடம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அதன் பிறகு ஒழுங்கு பிடித்துவிட்டது. உள்ளங்கை, புறங்கை, விரலிடை, பெருவிரல், நகம். இருபது எண்ணும் மட்டும் தேய்க்க வேண்டும். நகத்துக்கு ஈர்க்குத் துண்டு. பல்லுக்கு வீட்டிலிருந்து உமிக்கரி. சவர்க்காரத் துண்டைப் பாதுகாக்கிற பொறுப்பை அந்தப் பெண்பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் அதைச் சிரட்டையில் வைத்து, மேலே இன்னொரு சிரட்டையால் மூடி, காகம் தூக்காத இடமாகப் பார்த்து ஒளித்தாள். அவளுடைய நகத்துச் சிவப்பு முழுதாகப் போகவில்லை. நான் பிழை போடவில்லை. சில கிழமைக்குள் கொப்பியே தேவையில்லாமல் போய் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

மாரி தொடங்கியது. கார்த்திகையில் ஒரு காலை அவள் கிணற்றடிக்கு வரவில்லை. வழிபாடு முடிந்த பிறகு ஓடிவந்தாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ரீச்சர், தம்பிக்கு வயித்தாலை போகுது. ராத்திரியே தொடங்கிட்டுது. சத்தியும் எடுக்கிறான்."

"தண்ணி குடுத்தவையோ?"

"குடுத்தால் இன்னும் போகுமெண்டு அங்கை இருக்கிற ஆச்சிமார் குடுக்க வேண்டாமெண்டு சொல்லினம்."

வகுப்பைப் பக்கத்து ரீச்சரிடம் விட்டேன். வழியில் என் வீட்டுக்குப் போய் உப்பு, ஒரு பிடி அரிசி, கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தல், ஒரு கட்டு காய்ந்த விறகு எடுத்தேன். ஓடவில்லை. வேகமாக நடந்தேன். பாதையில் தேங்கியிருந்த தண்ணீரில் கால் வைக்காமல் விலத்தி விலத்தி நடந்தது நினைவிருக்கிறது.

பொடியன் தாயின் மடியில் கிடந்தான். கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு உடனே விரியவில்லை. அந்த மடிப்பை நான் முன்னமே ஒரு தரம் பார்த்திருக்கிறேன்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ," என்று தாயிடம் சொன்னேன். அவளுடைய மகள் ஏற்கெனவே பேணியில் தண்ணீரோடு நின்று, தாயின் கைக்கு ஊற்றினாள். "விரலுக்கு இடையிலையும் அம்மா," என்று அவள் சொல்வது கேட்டது.

முதலில் கொதித்தாறிய தண்ணீரில் தொடங்கினோம். பிறகு தகப்பன் அடுப்பு மூட்டினார். அரிசியைக் கரையவிட்டுக் கஞ்சி வைத்து, உப்புப் போட்டு ஆற்றி, தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுத்தோம். சத்தி எடுத்தால், வாந்தி அடங்கும் மட்டும் கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கொடுத்தோம். எனக்குப் பக்கத்தில் இருந்த தாய் திடீரென்று கேட்டாள்:

"உங்களுக்கு எத்தினை பிள்ளையள் ரீச்சர்?"

"ஒரு பொம்பிளைப் பிள்ளை. இருந்தவள். இப்பிடித்தான் போனவள்."

நான் சொன்னது எனக்கே கேட்டது. யாரோ விலாசம் சொல்வது போல இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் கண்ணில் எதையோ தேடினாள் என்று நினைக்கிறேன். அங்கே ஒன்றும் இருந்திருக்காது. அவள் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, "நீங்கள் கொஞ்சம் வெளியாலை நில்லுங்கோ. நான் குடுக்கிறன்," என்றாள்.

"பரவாயில்லை," என்றேன்.

"இல்லை ரீச்சர். நில்லுங்கோ."

வெளியே வந்து நின்றேன். தூறல். மத்தியானத்துக்குள் பொடியன் ஒரு தரம் சலம் விட்டான். மூத்திரம் வந்தால் உடம்பில் தண்ணீர் ஊறிவிட்டது, வழி தாங்குவான். அதைக் கண்டதும் தகப்பனின் சைக்கிளில் தாயை ஏற்றி, பொடியனைச் சாக்கால் மூடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சேலைன் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் திரும்பி வந்தான்.

அவன் வந்த செய்தியை அக்காக்காரி கிணற்றடியில் சொன்னாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோசம் வரும் என்று நான் காத்திருந்தேன். அன்று முழுக்கக் காத்திருந்தேன். பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பேணியை வைத்துவிட்டு, பின்வளவுக்குப் போய் வெகுநேரம் நின்றார். தோள் குலுங்கியது. நான் அடுப்படி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருடம் அதே பிள்ளைகளோடு நானும் ஐந்தாம் வகுப்புக்கு ஏறியிருந்தேன். பங்குனியில் என்று நினைக்கிறேன், பள்ளிக்கூட நேரத்தில் குண்டு போடுகிற பொம்பர் வந்தது. சுகாதாரப் பாடத்தில் அதையும் நாங்கள் பழக்கியிருந்தோம். தள்ளக்கூடாது, சின்னப் பிள்ளைகள் முதலில், குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, காதைப் பொத்தி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளைகள் சொன்னபடியே பள்ளிக்கூடப் பங்கருக்குள் இறங்கினார்கள். நான் கடைசியாக இறங்கினேன். இரண்டு குண்டு. நிலம் தூக்கிப் போட்டது. பங்கர்ச் சுவரிலிருந்து மண் எங்கள் மேல் சொரிந்தது. பிறகு இன்னொன்று, தள்ளி. பிறகு சத்தம் இல்லை.

ஏறி வந்தபோது தெற்குப் பக்கம் புகை எழும்பிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு பேரையும் எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முற்றத்தில் நின்றேன்.

பிள்ளைகள் தாங்களாகவே கிணற்றடிக்குப் போனார்கள். முதலில் நாலைந்து பேர், பிறகு எல்லோரும். "வரிசை, வரிசை," என்று அந்தப் பெண்பிள்ளை சொன்னாள். சிரட்டையைத் திறந்து சவர்க்காரத்தை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது மட்டும் எண்ணுகிற சத்தம் வந்தது. ஒரு சிலர் விம்மிக்கொண்டே எண்ணினார்கள். ஒழுங்கையில் தாய்மார் குழறிக்கொண்டு ஓடிவந்தார்கள். இங்கே விரலிடை தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அவள் என்னிடம் வந்தாள்.

"ரீச்சர், நீங்கள் கழுவேல்லை."

குனிந்து என் கையைப் பார்த்தேன். பத்து நகத்துக்குள்ளும் செம்மண். பங்கருக்குள் சுவரை விறாண்டியிருக்கிறேன் போல. எனக்குத் தெரியாது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், ரின்னில் குச்சியை இழுத்துவிட்டாள். தண்ணீர் குளிராக இருந்தது. குளிர் என்று எனக்குத் தெரிந்தது. அவள் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். நான் சின்னப்பிள்ளை போல நீட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த வருட முடிவில் அந்தக் குடும்பம் உடுப்பிட்டிக்குப் போனது. தாயின் ஒன்றுவிட்ட தமையன் அங்கே இருந்தார். அங்கிருந்தால் கடலுக்குப் போய்வரக் கிட்ட என்று தகப்பன் நினைத்தார். போகிற அன்று தாய் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, "போட்டு வாறம் ரீச்சர்," என்றாள். பொடியன் அவளுடைய இடுப்பில் இருந்து என் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கப் பார்த்தான். நான் அவனுடைய கையைப் பிடித்து விலக்கினேன். சூடான கை.

நாலு வருடம் கழித்து, தொண்ணூற்றைந்து ஆவணியில், ஒரு கடிதம் வந்தது. கொப்பி ஒற்றையில் எழுதி மடித்திருந்தது. அக்காக்காரி இப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா பகலில் தோட்ட வேலை, எப்போதாவது கடல். அம்மா சுகம். தம்பி முதலாம் வகுப்புக்குப் போகிறான். கீழே எழுதியிருந்தாள்: "தம்பி கை கழுவுவான். பல்லுத்தான் மினுக்க மாட்டானாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு தென்னையில் ஏறி இருக்கிறான். அடிக்கலாமோ ரீச்சர்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய சத்தம் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்த கணவர் கோடரியை வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்ன, சிரிக்கிறீர்?"

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார். தென்னை வந்த இடத்தில் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு நிலைப்படியில் இருந்துகொண்டு, "எங்கடை பிள்ளையும் வாயை இறுக்கித்தான் வைச்சிருப்பாள். விரலை விட்டால் கடிப்பாள்," என்றார்.

எட்டு வருடத்தில் அவளைப் பற்றி எங்கள் வீட்டுக்குள் சொல்லப்பட்ட முதல் வார்த்தை அது. நான் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஒருவரும் அழவில்லை. கொஞ்ச நேரம் போக அவர், "அடிக்க வேண்டாமெண்டு எழுதும்," என்றார்.

அன்றே எழுதினேன். அடிக்கக் கூடாது. ஏறின பிள்ளையை இறங்கச் சொல்லிக் கத்தவும் கூடாது. தென்னையடியில் நின்று நீ உன்னுடைய பல்லை மினுக்கு. அவன் பார்க்கட்டும். உமிக்கரி காரமென்றால் வேப்பங்குச்சியின் நுனியை நன்றாகச் சப்பி மெதுவாக்கிக் கொடு. பின்பல்லை மறக்க வேண்டாம். படுக்கப் போக முதலும் ஒரு தரம்.

கணவர் அதைக் கொண்டுபோய்த் தபாலில் போட்டார். ஐப்பசி முடிவில், ஆமி முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் நடந்தோம். அவள் பதில் போட்டிருந்தால் அது பூட்டின வீட்டுக்குத்தான் வந்திருக்கும்.